சோதிலிங்கம் வீட்டில் நடக்காத கூட்டம்

உங்கள் பிள்ளைக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் எழுதித் தருகிற மனிதர் என்ன சாதி என்று கேட்பீர்களா? மாட்டீர்கள். நாகரிகம் தெரிந்தவர்கள். வேறொன்றைக் கேட்பீர்கள்.

புஷ்பமலருக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஆர்டர் எடுப்பவள். அவளுக்குத் தெரிந்தது ஆள் சேர்ப்பது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு யாரோ கழித்த கம்ப்யூட்டர்கள் வந்தபோது, அவற்றில் போட்டுக் காட்ட ஒரு தமிழ்ப் பாடமும் கிடைக்கவில்லை. நாமே எழுதி இன்டர்நெட்டில் போட்டுவிடுவோம், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தட்டும் என்றான் மதன்குமார். மதுரைக்காரன், வங்கியொன்றில் புரோகிராமர். யோசனை அவனுடையது. போன் எடுத்துக் கெஞ்சியதும் திட்டியதும் அவள். 1998 குளிர்காலத்தில் ஒரு குழு சேர்ந்துவிட்டது. ஞாயிறுதோறும் ஒருவர் வீட்டில் வேலை. அந்த வீட்டில்தான் சாப்பாடு.

ஒரு ஞாயிறு பக்குரங்காவில், ஓய்வுபெற்ற என்ஜினியர் இராசநாயகம் வீட்டில் கூடியிருந்தார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்த சோதிலிங்கம் எண் பாடம் முழுவதையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இருவருக்கும் ஒரே ஊர் என்பதால், தேநீர் வந்ததும் இராசநாயகம் அன்பாக விசாரித்தார்.

"தம்பி ஊரில எந்தப் பக்கம்?"

"வாசிகசாலையைத் தாண்டி, குளத்தடி."

"ஓ... அந்தப் பக்கமோ."

பிறகு பேச்சு மழையைப் பற்றிப் போனது. பக்கத்தைக் கேட்டுச் சாதியை அறியும் அந்தக் கேள்வியைப் புஷ்பமலர் அறியாதவள் இல்லை. ஆக்லாந்தில் யார் இதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள் என்று நம்பினாள். அதுதான் அவள் விட்ட பிழை.

அடுத்த கூட்டம் ஒடாஹுஹுவில், சோதிலிங்கம் வீட்டில். அவர் மனைவி இராசமலர் எல்லோருக்குமாக இடியப்பம் அவித்து வைத்திருந்தாள். ஒருவருக்குக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒருவரின் பிள்ளைக்குக் காய்ச்சல். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. வந்தது புஷ்பமலர் மட்டும்.

"என்னக்கா, எல்லாற்ர காரும் ஒரே நாளில பழுதாப் போச்சோ?" என்று சோதிலிங்கம் சிரித்தார். இராசமலர் சிரிக்கவில்லை.

மறுநாள் மதன்குமார் போனில் விஷயத்தைக் கக்கினான். எண் பாடத்தைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதலாம், எழுதியவர் பெயர்களிலும் சோதிலிங்கம் வேண்டாம் என்று இராசநாயகம் சொல்கிறாராம். "உங்க ஊர்ச் சண்டை எனக்கு வேணாம்க்கா. லீவு முடிஞ்சு பள்ளி தொடங்குறதுக்குள்ள பாடம் முடியணும்."

அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. இராசநாயகம் விலகினால் அவர் ஆட்களும் விலகுவார்கள். வாசிப்புப் பாடம் அவர்கள் கையில். அது தெரிந்துதான் அவள் பக்குரங்காவுக்குப் போனாள்.

"பிள்ளை, நாங்கள் சாதி பாக்கிறேல்லை. ஒற்றுமைக்காகச் சொல்லுறன்."

"அப்ப ஏன் ஐயா அவர் வீட்டை வரேல்லை?"

"ஒடாஹுஹு தூரமெல்லோ."

"கடலுக்கங்கால இருந்து வந்தனீங்கள், இது தூரமோ? அவற்ர பேரை எடுத்தா என்ர பேரையும் எடுங்கோ."

"உன்ர பேர் எங்க பிள்ளை அதில கிடக்கு? நீ ஒரு வரியும் எழுதேல்லையே."

உண்மைதான். ஆள் திரட்டியவளின் பெயரை எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவள் எழுந்து வெளியே வந்தாள்.

ஒற்றுமையாம். குனிந்தவன் குனிந்தே இருந்தால்தான் இவர்களுக்கு ஒற்றுமை.

புஷ்பமலர் விட்டுக்கொடுக்கவில்லை; இராசநாயகம் தன் ஆட்களோடு விலக, குழு உடைந்தது. மதன்குமார் ஈமெயில் மட்டும் அனுப்புகிறான். பள்ளி தொடங்கிவிட்டது. எண் பாடம் சோதிலிங்கத்தின் பெயரோடே ஓடுகிறது. வாசிப்புப் பாடம் பாதியில் உறைந்து நிற்கிறது. "இட்ஸ் புரோக்கன், ஆன்ட்டி" என்றுவிட்டுப் பிள்ளைகள் விளையாட ஓடுகிறார்கள். நடந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? எழுதியது அத்தனையும், விலகிப்போனவர்களின் பெயர்களோடு, இன்டர்நெட்டில் திறந்தே கிடக்கிறது. புஷ்பமலர் இன்னும் ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்துக்கொண்டிருக்கிறாள். "பாப்பம்" என்கிறார்கள்.

புரோகிராம் எழுதத் தெரிந்தவரே, பார்த்தது போதும். இந்த ஞாயிறு ஒடாஹுஹுவுக்குப் போய், சோதிலிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாசிப்புப் பாடத்தை முடித்துக் கொடுங்கள்.