சாமிக்கு விட்ட ஆரஞ்சு மரம்

1999 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. அப்போது நாங்கள் ஜோலார்பேட்டையில் குடியிருந்தோம். என் கணவருக்கு ரயில் என்றால் உயிர். மற்றவர்கள் வார இதழ் படிப்பதுபோல அவர் ரயில் கால அட்டவணையைப் படிப்பார். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அவருடைய முதல் கேள்வி, எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்பதுதான்.

அவரோடு வேலை பார்த்த ஒரு புண்ணியவான், கொல்லிமலையில் கமலா ஆரஞ்சை மரத்திலிருந்தே பறித்துத் தின்னலாம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். காலையில் போய்ப் பறித்துக்கொண்டு ராத்திரியே வீடு திரும்புவதாகத் திட்டம் தயாராகிவிட்டது. மலைமேல் ரயில் போகாதே என்றேன். “சேலம் வரைக்கும் ரயில், அப்புறம் கொஞ்ச தூரம் பஸ்” என்றார். அந்தக் கொஞ்ச தூரத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை அவருடைய அட்டவணை சொல்லவில்லை போலும். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. டவுன் பஸ்ஸில் நாலு ஸ்டாப் போனாலே வாந்தி எடுப்பாள். அதையும் சொன்னேன். எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள் என்றார். இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

விடியுமுன் ரயிலேறினோம். கையில் இரண்டு காலி சாக்குப்பைகள், பழம் கொண்டுவர! சேலம் வரை ராஜபோகம்தான். மலையேறும் பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே குழந்தை ஆரம்பித்துவிட்டாள். எலுமிச்சம்பழம் ஒன்றுக்கும் உதவவில்லை. செம்மேட்டில் இறங்கும்போது வாடின கீரைத்தண்டாகக் கிடந்தாள். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ஆரஞ்சைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். இதையே வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கெஞ்சினேன். கடையில் வாங்கவா ரயிலேறி வந்தோம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாக்கை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

நண்பர் சொன்னது திண்ணனூர் நாடு. ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய், இறங்கி நடந்தோம். வழியில் வந்த ஒருவரிடம் திண்ணனூர் நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார் என் கணவர். “நீங்க நிக்கறது, நடக்கறது எல்லாமே திண்ணனூர் நாடுதானுங்க. எந்த ஊருக்குப் போகோணும்?” என்றார் அவர். நாடு என்றால் பல சிற்றூர்கள் சேர்ந்தது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எந்த ஊர் என்று நண்பரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நடு ரோட்டில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலில் கண்ணில் பட்ட வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். வாசலில் ஒரு பெண் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். குழந்தையைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு ஓடிவந்தார். “வா சாமி, நெழல்ல உக்காரு சாமி. ரவ்வூண்டு தண்ணி குடி சாமி” என்று வார்த்தைக்கு வார்த்தை சாமிதான். எங்கள் ஊர்ப்பக்கம் குழந்தைகளை அப்படிக் கூப்பிடுவதில்லை. மகள் அந்தச் சோர்விலும் அவரை வியப்பாகப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து வந்த அவருடைய கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, பழம் பறிக்கறதுக்கா ரயிலேறி வந்தீங்க?” என்று சிரித்தார். பிறகு, காப்பித் தோட்டத்துக்குள் சில மரங்கள் இருப்பதாகவும் வேண்டியதைப் பறித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். “வாசல்ல நிக்கற இந்த மரத்த மட்டும் தொட்றாதீங்க. கன்னிக் காய்ப்புங்க. இது சாமிக்கு.”

வைத்த கன்றெல்லாம் நோயில் பட்டுப்போய், மூன்றாம் முறை வைத்துப் பிழைத்த மரமாம் அது. முதல் காய்ப்பைத் தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, சாமிக்குப் படைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார்களாம். ஆளுயரம்கூட இல்லை. நாலைந்து பழங்கள் மஞ்சளாகத் தொங்கின.

குழந்தையை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரரோடு தோட்டத்துக்குள் போனோம். என் கணவர் ஆசை தீரப் பறித்தார். திரும்பி வந்தால் வாசலில் குழந்தை மட்டும் இருந்தாள். அந்தச் சின்ன மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய ஆரஞ்சுத் தோல். கடைசிச் சுளை வாயில்.

கையை ஓங்கிக்கொண்டு போனேன். அவள் மிரண்டுபோய், “அந்த மாமா இது சாமிக்குன்னு சொன்னாங்கல்ல? அத்தை என்னைத்தானேம்மா சாமின்னு கூப்பிட்டாங்க?” என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்காரர் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. என் கணவர் சாக்கோடு திருதிருவென்று விழித்தார். உள்ளே மோர் கரைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் செம்போடு வெளியே வந்து, தோலையும் குழந்தையையும் பார்த்தார். பிறகு தன் கணவரிடம் சொன்னார்: “கூப்புட்ட வாய் என்னுதுங்க. சாமி சாமின்னு நாந்தான் கூப்புட்டேன். சாமி வந்து சாப்புட்டுட்டுப் போயிருச்சு. அதுக்கு யாரக் கோவிச்சுக்கறது?”

அவர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு உச்சிக் கிளையைக் காட்டினார். குழந்தைக்கு எட்டாமல் ஒரு பழம் மிஞ்சியிருந்தது. “அது போதும். அந்தச் சாமிக்கு அது” என்றார். குழந்தையின் தலையைத் தடவிவிட்டுத்தான் உள்ளே போனார். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “கொழந்த மொகம் தெளிஞ்சிருக்குது, அதப் பாருங்க” என்றார் அவர். உண்மைதான். காலையிலிருந்து அவள் வயிற்றில் தங்கிய முதல் ஆகாரம் அதுதான்.

கிளம்பும்போது, உரித்த தோலையெல்லாம் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து மகள் கையில் கொடுத்து, மோந்துகொண்டே போகச் சொன்னார். எழுபது வளைவிலும் அவள் அந்த முடிச்சை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. வாந்தியும் இல்லை. சேலத்தில் ரயிலேறி உட்கார்ந்ததும் என் கணவர், “பாத்தியா, போட்ட திட்டப்படியே எல்லாம் முடிஞ்சுது” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாமும் குழந்தைகளைக் கண்ணே, ராஜா, தங்கமே என்று வாய்க்கு வந்தபடி கொஞ்சுகிறோம். ஆனால் வாய்நிறையக் கூப்பிட்ட ஒரு வார்த்தைக்காக, தெய்வத்துக்கென்று காத்து வைத்ததையே விட்டுக்கொடுத்தவரை அந்த ஒரு வாசலில்தான் பார்த்தேன்.