தவிட்டுக்குப் போனவர்

என் அக்கா கோமுவைக் கட்டின பலவேசம் அத்தானைப்போல ஓரிடத்தில் உட்காராத மனிதரை நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலைக் குத்தவைத்து, எழுந்து ஓடத் தயாராகத்தான் இருப்பார். செங்கோட்டைக்கு ரயில் பாதை போட்டபோது மண் சுமந்தார்; பாதை எங்கள் சேரமாதேவியைத் தாண்டியதும் நின்றுவிட்டார். பாபநாசத்து மில்லில் பஞ்சு சுமந்தார். அருவிச் சத்தம் கேட்டால் மனசு கலைகிறது என்று அதையும் விட்டார். சோம்பேறி என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். இறங்கி வேலை செய்தால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதனாலேயே எனக்கு எரிச்சல் கூடியது.

அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் தொட்டிலிலேயே போய்விட்டன. இவர் பிறந்ததும் இவருடைய அம்மா, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பிள்ளையை நெல் புடைக்கிற சுளகில் கிடத்தி, பத்தமடையில் பாய் முடையும் காசிம் பீவிக்கு ஒரு நாழி தவிட்டுக்கு விற்றாள். எமன் வந்து விசாரித்தால் 'இது எங்கள் பிள்ளை இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடலாம் அல்லவா? வாங்கியவள் அன்றைக்கே 'என் பிள்ளையை நீ வளர்த்துத் தா' என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிறகு முடியிறக்கும்போது அவளுக்கு ஒரு சேலை கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும். அதற்குள் காசிம் பீவி வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தாள். அத்தான் மீட்கப்படாமலே வளர்ந்தார்.

'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று பிள்ளையைச் சீண்டாத வீடு எது? மற்ற பிள்ளைகள் அழுதுவிட்டு மறந்துவிடும். இவருக்கு அது நிஜமாகவே நடந்திருந்தது. ஒருநாள் தாமிரபரணியில் குளித்துக்கொண்டிருந்தபோது, உமக்கு என்னதான் வேண்டும் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“எமன் தேடி வந்த அன்னைக்கே எனக்கு எழுதினது தீந்துபோச்சுலே,” என்றார். “மிச்ச நாளுக்கு என் தலையில எழுத்தே கிடையாது. எதுக்கு இருக்கேன்னு யாருகிட்டப் போயி கேக்க?”

கேட்காமலும் இல்லை. பாபநாசத்தில் ஒரு சாமியாரிடம் கேட்டார். எல்லாம் பழைய வினை என்றார் அவர். விற்ற பிள்ளைக்கு எந்த வீட்டு வினை என்று இவர் திருப்பிக் கேட்டதும் சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். பாளையங்கோட்டையில் வேதமுத்து உபதேசியார், கர்த்தர் யாரையும் காரணமில்லாமல் படைப்பதில்லை, ஏற்ற காலத்தில் தெரியும் என்றார். அந்த ஏற்ற காலம் வரட்டும் என்று அத்தான் உபதேசியார் வீட்டு வாசலிலேயே நாலு நாள் உட்கார்ந்துவிட்டார். நான்தான் போய்க் கூட்டிவந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

இவர் இப்படி அலைய, அக்கா இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தாள். திருநெல்வேலியில் கலகம் நடந்த வருஷம் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. பெயர்கூட வைக்கவில்லை, அதற்குள் காய்ச்சல் கண்டது. பால் குடிக்கவில்லை. அக்கா சுளகைத் துடைத்து எடுத்து வைத்தாள். தவிட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்றாள்.

அத்தான் முடியாது என்றார். “ஏளா, என் பிள்ளையும் என்னைப்போல எதுக்குப் பொறந்தோம்னு தெரியாம அலையணுமா?”

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அலையட்டும். அலையுததுக்கு மொதல்ல உசிரு வேணும்லா.”

அத்தான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஆனால் வாங்க ஆள் வேண்டுமே. தெருவில் முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள். அவர்கள் வாங்கினால் செல்லாது. மற்றவர்களுக்குப் பயம். காசிம் பீவி பிள்ளையை வாங்கித்தான் செத்தாள், எமன் விசாரித்துக்கொண்டு வாங்கின வீட்டுக்கே போய்விட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. செவ்வாய்க்கிழமை ஆகாது என்றார்கள், மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றார்கள். நான் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டுத் திரும்பியபோது அத்தானைக் காணவில்லை. கொடியில் அவர் துண்டும் இல்லை.

நேரே ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிள்ளை சாகக் கிடக்கும்போது ஓடிப்போகிறவன் மனுஷனா என்று, அங்கே இல்லாத மனிதரைப் பார்த்துக் கத்தினேன். வண்டிக்குக் காத்திருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வெயில் சாயும் நேரம் அத்தான் வந்தார். பத்தமடைக்கு நடந்து போயிருக்கிறார். கூடவே காசிம் பீவியின் மகன் ஷேக் மைதீன். அத்தான் கையில் நாழி நிறையத் தவிடு. வாசற்படி வரை வந்தவர் உள்ளே ஏறவில்லை. நான் அதட்டியதைக் காதில் வாங்காமல், கட்டின பெண்டாட்டியை முன்பின் தெரியாத ஒருத்தியைப்போலக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இந்த வீட்டுல பிள்ளையத் தவுட்டுக்குக் குடுப்பியளா? நான் பத்தமடை காசிம் பீவி மகன். என்னைய இன்னும் யாரும் மீக்கல.”

ஆமாம், எங்கள் உம்மா வாங்கின பிள்ளைதான் என்று ஷேக் மைதீன் சாட்சி சொன்னார்.

அக்கா சுளகோடு எழுந்து வந்து, படிக்கு இந்தப் பக்கம் நின்று பிள்ளையை நீட்டினாள். அத்தான் படிக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கினார். நாழி பிடித்த கையாலேயே வாங்கியதில் பாதித் தவிடு என் காலில் கொட்டியது. நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

எமன் ஏமாந்தானோ, காய்ச்சல்தான் தானாக இறங்கியதோ, பிள்ளை பிழைத்துக்கொண்டது. சங்கதி பரவியது. பிள்ளை தங்காத வீட்டுக்காரர்கள் கல்லிடைக்குறிச்சியிலிருந்தெல்லாம் அத்தானைத் தேடி வந்தார்கள். எமன் விசாரித்துக்கொண்டு போனாலும் இவருக்குத்தான் வீடு கிடையாதே. யார் கூப்பிட்டாலும் நாழியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சில பிள்ளைகள் பிழைத்தன, சில பிழைக்கவில்லை. பிழைக்காத வீட்டிலிருந்து வந்தால், ஆற்றங்கரையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருப்பார்.

மகளுக்கு முடியிறக்கிய அன்று அக்கா, வழக்கப்படி, ஒரு சேலையை அத்தான் கையில் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொண்டாள். சேலையை வைத்துக்கொண்டு அவர் முழித்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குமுன் அக்கா இன்னொரு சேலையை எடுத்து ஷேக் மைதீனிடம் நீட்டினாள்.

“உங்க உம்மா வாங்கின பிள்ளையையும் இன்னைக்கு மீட்டுக்கிடுதேன் அண்ணாச்சி. அவிய அலைஞ்சது போதும்.”

ஷேக் மைதீன் சேலைக்குக் கை நீட்டினார். பிறந்த நாள் முதல் இந்த ஒன்றுக்காகத் தவித்த மனிதர், எங்கள் அத்தான், குறுக்கே வந்து அந்தக் கையைப் பைய விலக்கினார்.

“வேண்டாம்ளா,” என்றார். “நாளைக்கு வீரவநல்லூர்ல ஒரு பிள்ளைக்கு வரச்சொல்லியிருக்காவ. நானும் ஒரு வீட்டு ஆளாயிட்டா, அதை வாங்க யாரு போவா?”