கீழ் டிவிஷனில் நல்லவன், எங்கள் ஹாலில் துரோகி

கிராணி ஐயா, எங்கள் ஹாலில் நீங்கள் படத்தின் கதையை மாற்றிச் சொன்னீர்கள். தெரிந்தே சொன்னீர்கள். அதனால் என் அப்பாவுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் இன்றுவரை போகவில்லை. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

மற்றவர்களுக்குப் புரிவதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் படம் போடுவார்கள். ஜன்னல்களில் கறுப்பு பிளாஸ்டிக்கை ஆணி அடித்து மறைத்துவிட்டு, முன்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுவார்கள். தமிழ்ப் படம் கிடைக்காத மாதம் இந்திப் படம் வரும். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயா முன்பு ஈப்போவில் பஞ்சாபிக் கடையில் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு மட்டும் தெரியும். அவர் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று கதை சொல்வார். "இப்ப இவன் அவகிட்ட கோவமா பேசுறான்", "இது அவனோட தம்பி, காணாமப் போனவன்" என்று சொல்லிக்கொண்டே போவார். நன்றாகத்தான் சொல்வார். சிரிக்கவும் வைப்பார். படத்தில் நடப்பதைவிட அவர் சொல்வதைத்தான் நாங்கள் நம்பினோம்.

அவர் கதையை மாற்றிச் சொன்ன அந்த வாரம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா மருந்து அடிக்கும் கும்பலில் இருந்தார். முதுகில் சுமக்கும் மருந்து டேங்கில் ஒன்று மூடி உடைந்து கிடந்தது. மாற்றித் தரச் சொல்லி ஸ்டோரில் பல தடவை கேட்டிருக்கிறார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் கிராணி ஐயா. ஒருநாள் எங்கள் லயத்து அக்கா ஒருவர் அந்த டேங்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது வழுக்கி விழுந்தார். மருந்து முகத்தில் கொட்டி ஒரு கண் போய்விட்டது. தோட்டத்து ஆபீசில், அவர் வீட்டில் விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். விசாரிக்க வெளியிலிருந்து அதிகாரி வந்தபோது அப்பா மட்டும் முன்னால் போய், "டேங்கு மூடி உடைஞ்சிருந்துச்சு. கிராணிக்குத் தெரியும்" என்றார். இன்னும் நாலு பேர் அடுத்த முறை அதிகாரி வரும்போது பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள். அது புதன்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சண்டைப் படம் வந்தது. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய கதை. முதலாளிக்கு எதிராகக் கதாநாயகன் அடிதடி செய்கிறான். நடுவில் வயசான தொழிலாளி ஒருவர் கோர்ட்டில் ஏறி ஏதோ பேசுகிறார். வெளியே வந்ததும் சிலர் அவரைக் குத்திப் போடுகிறார்கள். கிராணி ஐயா மைக்கில், "இந்த ஆளுதான் துரோகி. கூட வேலை செஞ்சவங்கள காட்டிக் குடுக்குறான். சோறு போட்ட எடத்துக்குக் குழி வெட்டுறான் பாருங்க" என்றார். அவர் செத்து விழுந்ததும் ஹாலே கை தட்டியது. நானும் தட்டினேன். எனக்கு அப்போது பத்து வயது.

பிறகு கதாநாயகன் அந்தப் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். துரோகிக்காக ஏன் அழுகிறான் என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் பதில் வைத்திருந்தார். "ஹீரோவுக்குப் பெரிய மனசுலா. துரோகியா இருந்தாலும் அழுறான்." அதையும் நம்பினோம்.

படம் முடிந்து வெளியே வரும்போதே ஒருத்தன் அப்பாவைப் பார்த்து, "என்னாண்ணே, கோர்ட்டுக்குக் கெளம்பிட்டிங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் "சாட்சி வர்றாருலா, வாய மூடுங்க" என்றார்கள். பேசுவதாகச் சொன்ன நாலு பேரும் பேசவில்லை. விசாரணை அப்படியே அமுங்கிப்போனது. அந்த அக்கா ஒற்றைக் கண்ணோடு கொழுந்து கிள்ளப் போனார். அப்பாவின் பெயரே சாட்சி என்று ஆகிவிட்டது. கோயில் சாப்பாட்டில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். என்னைப் பெண் பார்க்க ரிங்லெட்டிலிருந்து வந்தவர்களிடம்கூட ஒருவர் "சாட்சி வூட்டுப் பொண்ணா?" என்று கேட்டிருக்கிறார்.

இதெல்லாம் பழைய கதை என்றுதான் இருந்தேன். இப்போது நான் கம்போங் ராஜாவில் இருக்கிறேன். திரிங்காப்பில் பூ கட்டும் கொட்டகையில் வேலை. அப்பா என்னோடுதான் இருக்கிறார். போன மாதம், பழைய தோட்டத்து ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் அந்தப் படத்தைப் போட்டு, "நம்ம ஹால்ல பாத்தது, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தார். ஆளாளுக்குக் கருத்து எழுத ஆரம்பித்தார்கள்.

"இருவது பேர அடிக்கிறான், தலைமுடி கலையல. இப்ப எவன்லா இப்படி நடிக்கிறான்?"

"சண்டைய விடு. கதாநாயகி கட்டுன சேலை மாதிரி வேணும்னு எங்க அம்மா ரெண்டு நாளு சாப்புடல."

"ரெண்டாவது பாதி இழுவை. எங்க மாமா கொறட்டை விட்டாரு."

கிராணி ஐயாவும் எழுதினார். "அந்தக் காலத்துப் படம்தான் படம். துரோகிக்கு என்ன முடிவுன்னு காட்டினாங்க. இப்ப உள்ளவங்க பாத்துத் திருந்தணும்." அதற்குக் கீழே ஒருத்தர், "அது சரி, நம்ம சாட்சி எப்படி இருக்காரு?" என்று சிரிக்கும் படம் போட்டார். அதற்குப் பதினோரு பேர் சிரித்தார்கள்.

அதற்கும் கீழே, எங்கள் தோட்டத்தின் இன்னொரு பகுதியான கீழ் டிவிஷனில் இருந்த ஒரு அம்மா எழுதினார். "யாரு துரோகி? அந்தக் கெழவர் நல்லவராச்சே. மொதலாளி செஞ்ச கொலைய கோர்ட்டுல சொன்னதுக்குத்தானே கொன்னாங்க? எங்க ஹாலுக்கு இந்தப் படம் உங்களுக்கு ஒரு வாரம் முன்னாலயே வந்துச்சு. கிராணி ஐயாதான் கதை சொன்னாரு. நாங்க எல்லாம் அழுதோம்."

ஒரு வாரம் முன்னால். என் அப்பா அதிகாரியிடம் பேசுவதற்கு முன்னால்.

கொட்டகையிலேயே, பூ வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். இப்போது தமிழில் எழுத்து ஓடுகிறது. கிழவர் கோர்ட்டில் சொல்வது ரொம்பச் சின்ன வசனம். செத்தவர்களுக்காகப் பேச ஆள் இல்லை, அதனால் நான் வந்தேன் என்கிறார். இதை யாராலும் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் போனைக் காட்டினேன். அவருக்குப் பார்வை மங்கல். எழுத்தை நான்தான் படித்துச் சொன்னேன். கிழவர் குத்துப்பட்டு விழும் இடத்தில், "நிறுத்துமா" என்றார்.

"நானும் அன்னிக்குக் கை தட்டினேம்மா" என்றார். "இவன் செத்தது சரின்னு நெனச்சேன். ராத்திரி படுக்கையில, நாமளும் இவன மாதிரிதான் செஞ்சிட்டோமோன்னு பயமாப் போச்சு. அதுக்கப்புறம் அந்த அக்கா மூஞ்சிய பாத்துப் பேச முடியல. அதிகாரி மறுபடி வந்தப்ப நானும் போகல."

இது எனக்குத் தெரியாது. மற்றவர்கள்தான் அவரை ஒதுக்கினார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

ஏன் கதையை மாற்றிச் சொன்னீர்கள் என்று குரூப்பில் கிராணி ஐயாவிடம் கேட்டேன். அங்கே பதில் இல்லை. எனக்குத் தனியாகக் குரல் அனுப்பினார். "அம்மாடி, படம்தானேலா. எனக்கே இந்தி அரைகுறை. என்னமோ சொல்லியிருப்பேன். குரூப்புல வேணாம், தனியாப் பேசிக்குவோம். வேணும்னா வூட்டுக்கு வந்து அப்பாவைப் பாக்குறேன்."

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இங்க வந்து என்கிட்ட என்னாத்துக்குச் சொல்றது? எனக்குத்தான் தெரிஞ்சிருச்சே. அன்னிக்குக் கேட்டவங்ககிட்ட சொல்லச் சொல்லு. அந்த அக்கா மகளும் குரூப்புலதான் இருக்கா" என்றார்.

அந்த அக்கா இப்போது இல்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறோம்.

அதனால் வீட்டுக்கு வர வேண்டாம், கிராணி ஐயா. தனியாகவும் பேச வேண்டாம். இந்தி அரைகுறை என்றால் ஒரு வாரம் முன்னால் கீழ் டிவிஷனில் எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்? அங்கே நல்லவனாக இருந்த கிழவர் எங்கள் ஹாலுக்கு வரும்போது எப்படித் துரோகி ஆனார்? டேங்கின் மூடி உடைந்திருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? குரூப்பில் எல்லோரும் இருக்கிறார்கள், சிரித்த பதினோரு பேரும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் படிக்கும்படி அங்கேயே எழுதுங்கள். அப்பாவுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும்.