கலஹாவில் எத்தனை கிலோ கழித்தார்கள்?

வில்பிரட்டோடு வேலை செய்வது என்னைப் போன்ற அவசரக்காரனுக்கு அல்லாஹ் தந்த சோதனை என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். அவன் மகாவலியின் பாய்ச்சல்களில் ரப்பர் படகு ஓட்டுகிறவன். நான் முனாஸ், வேன்காரன். கெலிஓயாப் பக்கம் இருக்கிற எங்கள் கொட்டிலிலிருந்து படகுகளையும் சவாரிக்கு வருகிற ஆட்களையும் மேலே கொண்டுபோய் இறக்குவேன். பிறகு கீழே போய்க் காத்திருந்து ஏற்றிக்கொண்டு வருவேன். என்னை ஆற்றில் இறங்கச் சொன்னால் மட்டும் இறங்கமாட்டேன்.

வில்பிரட் கடுகண்ணாவைக்காரன். தகப்பன் ரயில்வேயில் இருந்தவர். பையன் எப்படியோ ஆற்றுப் பைத்தியம் பிடித்து இந்தப் பக்கம் வந்துவிட்டான். காலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் அவன் போனும் கையுமாக இருப்பான். மேலே பாலத்தூணில் நீர்மட்டம் பார்க்கிற அளவுகோல் ஒன்று உண்டு. அதன் இலக்கம் போனுக்கு வரும். எண்பது சென்டிமீற்றருக்குக் கீழே என்றால் படகு கல்லில் உரசும், வேலையில்லை. எண்பதிலிருந்து ஒரு மீற்றர் முப்பது வரைக்கும் முழு ஓட்டம். அதற்கு மேலே மேல்பாதி மட்டும். ஒன்று எண்பதைத் தாண்டினால் வந்தவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிடுவான். எந்த இலக்கத்துக்கு எந்தக் கல் தெரியும், எது முழுகும் என்று மூன்று கொப்பிகள் நிறைய எழுதி வைத்திருந்தான். தண்ணீர் ஏறுகிற ஒரு மீற்றரும் இறங்குகிற ஒரு மீற்றரும் ஒன்றல்ல என்பான். ஒரு மீற்றர் ஒரு மீற்றர்தானே என்று நான் சொன்னால் சிரிப்பான்.

இதோடு விட்டானா? இல்லை. அந்த அளவுகோலுக்குக் கீழேதான் கலஹா மலையிலிருந்து வருகிற ஓயா, ஒரு சிற்றாறு, மகாவலியில் கலக்கிறது. மேலே பாலத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்க, கலஹாவில் கொட்டுகிற மழை இரண்டரை மூன்று மணித்தியாலத்தில் இரண்டும் சேர்கிற சந்தியில் வந்து சேரும். சந்திக்குக் கீழேதான் நாங்கள் ஆட்டுக்கல் என்கிற சுழல். அந்த நேரத்தில் அங்கே படகு இருந்தால் ஆட்களைத் தேடத்தான் வேண்டிவரும். கலஹா ஓயாவுக்கு அளவுகோல் கிடையாது. அதற்கு வில்பிரட் வைத்திருந்த அளவுகோல் அவனுடைய பெண்சாதி சுவர்ணா.

சுவர்ணா கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். வேலைக்குப் போனால்தான் தோட்டத்து வீடு தங்கும். அதனால் அவள் அங்கே, இவன் கிழமையில் ஆறு இரவு கொட்டிலில். திங்கள் இரவு பஸ்ஸில் போய் செவ்வாய் விடிய வந்துவிடுவான். ஒன்பதரைக்கு மலையில் கொழுந்து நிறுப்பார்கள். மழையில் எடுத்த கொழுந்தென்றால் இலையிலிருக்கிற தண்ணீருக்கென்று சில கிலோவைக் கணக்கப்பிள்ளை கழிப்பார். நிறுத்து முடிந்ததும் வில்பிரட் அவளுக்குப் போன் எடுப்பான்.

"எத்தன கிலோ கழிச்சாங்க?"

"ரெண்டு."

"சரி புள்ள, வைக்கிறேன்."

இவ்வளவுதான் புருசன் பெண்சாதி பேச்சு. ரெண்டு என்றால் தூறல், நாலு என்றால் நல்ல மழை, ஆறு என்றால் அன்றைக்கு எவரையும் ஆற்றில் விடமாட்டான். பதினாறு வருடமாக அந்தக் கிலோ ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. "நீ கட்டினது பொண்டாட்டியையா, தராசையா?" என்று நான் கேலி பண்ணுவேன். வெட்கப்படுவான், ஆனால் கேள்வியை மாற்றமாட்டான்.

போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. கொழும்பிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள், ஒரே கந்தோரில் வேலை செய்கிற பிள்ளைகள். பாலத்தில் ஒன்று பத்து, இறங்குகிற தண்ணீர். எங்கள் பக்கம் வெயில். கலஹா மலையை மட்டும் மேகம் மூடிக்கொண்டிருந்தது. அது எந்த நாளும் மூடிக்கொண்டுதான் இருக்கும்.

"தண்ணி நல்லா ஈக்கி. என்னத்துக்கு இன்னம் நிக்கிற?" என்றேன் நான். இதை நான்தான் சொன்னேன் என்பதை எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"கொஞ்சம் இருங்க நாநா" என்று போனை எடுத்தான். எத்தன கிலோ என்றான். சுவர்ணாவின் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு சந்தோசம்.

"இன்னைக்கு ஒன்னுமே கழிக்கலங்க! ஒரு கிலோகூட இல்ல!"

"சரி புள்ள, வைக்கிறேன்."

முழு ஓட்டம் என்று முடிவானது. பத்தரைக்கு இரண்டு படகுகளும் ஆற்றில் இறங்கின, ஒன்றை வில்பிரட்டும் மற்றதைக் கொட்டில் பையன் ஒருவனும் ஓட்ட. நான் கீழே போய், படகு கரையேறுகிற மணல் திட்டில் வேனை நிறுத்திவிட்டு பணிஸ் தின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குத் தண்ணீரின் நிறம் பால்தேத்தண்ணியாக மாறியது. பிறகு மணல் திட்டு சிறுத்தது. நான் வேனைப் பின்னுக்கு எடுத்தேன். ஒரு துடுப்பு மட்டும் தனியாக மிதந்து என்னைக் கடந்து போனது. மஞ்சள் துடுப்பு, எங்களுடையது.

சுவர்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"புள்ள, அங்க மழயா?"

"ஒம்பது மணிலேர்ந்து கொட்டுதுண்ணே. ஏன்?"

"ஒண்டும் கழிக்கல்லண்டு சென்னீங்களே!"

"அது நாங்க ரெண்டு வாரமா சண்ட போட்டு நிப்பாட்டினதுண்ணே. இன்னையிலேர்ந்து ஈரத்துக்குன்னு கழிக்கக் கூடாதுன்னு தொர ஒத்துக்கிட்டாரு. நான்தான் முன்னுக்கு நின்னு..." அந்த இடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு போன் அறுந்தது.

யா அல்லாஹ், அந்த இருபது நிமிடத்தை என் விரோதிக்கும் கொடுக்காதே. வாயில் வந்த எல்லா ஓதலும் ஓதினேன். என் அவசரத்தை நானே திட்டினேன். பிறகு போன் அடித்தது.

"நாநா, வேன மேல் ரோட்டுக்குக் கொண்டாங்க. எல்லாரும் இருக்கோம்."

நடந்தது இதுதான். சந்திக்கு நூறு யார் இருக்கையில், ஓயா வாயில் செம்மண் கரைசலும் பச்சை இலையோடு முறிந்த கொப்புகளும் வருவதை வில்பிரட் கண்டிருக்கிறான். விசிலடித்து இரண்டு படகையும் கரைக்கு ஒதுக்கி, பிள்ளைகளை மேட்டில் ஏற்றியிருக்கிறான். வெயிலில் எதற்கு இறக்குகிறாய் என்று ஒருவன் சண்டைக்குக்கூட வந்தானாம். பத்து நிமிடத்தில் அவர்கள் நின்ற கல் முழுகியது. அதோடு அவனும் வாய் மூடினான். போனது அந்த ஒரு துடுப்பு மட்டும். பிறகு யாரோ ஒருவரின் மரக்கறித் தோட்டத்துக்குள்ளால் ஏறி ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

கொட்டிலில் எல்லோருக்கும் துவாயும் சூடான தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.  "அவ பொய் சொல்ல மாட்டா நாநா" என்று வில்பிரட் இரண்டு தரம் சொன்னான். கழிக்காத கதையை நான் சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இரண்டரை மணிக்கு கலஹா பஸ்ஸிலிருந்து சுவர்ணா இறங்கி ஓடிவந்தாள். உடுப்பு மாற்றவில்லை. கொழுந்து எடுக்கையில் இடுப்பில் சுற்றிக்கட்டுகிற படங்குச் சாக்கு அப்படியே இருந்தது. தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம், எல்லாரும் இருக்கிறார்கள் என்று. அந்த அவசரத்தில் அது என் மூளையில் ஏறவில்லை. வாசலில் நின்று அவனைப் பார்த்தாள், எட்டுத் தலைகளையும் எண்ணினாள், பிறகுதான் அழுதாள்.

"சந்தோசத்துல சொல்லிட்டேங்க. மழன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நீங்க கேக்கலியா, எனக்கும் தோணல."

வில்பிரட் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தான். பிடித்தவன் திடுக்கிட்டான். பதினாறு வருடமும் அவன் வீட்டுக்குப் போகிற நேரம் இருட்டியிருக்கும், அவள் குளித்து உடுத்தி அடுப்படியில் நிற்பாள். மலையில் நிற்கிற சுவர்ணாவை அவன் கண்டதில்லை.

"என்னா புள்ள இப்பிடி நனைஞ்சிருக்க? ஐஸ் மாதிரி இருக்கியே!"

அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நாலு கிலோ அஞ்சு கிலோன்னு சொல்ற நாள்ல எல்லாம் இப்பிடித்தானேங்க இருப்பேன்."

அவன் கழுத்திலிருந்த துவாயை எடுத்து, அத்தனை பேருக்கும் முன்னால் அவள் தலையைத் துவட்டினான். துவட்டிக்கொண்டே இருந்தான். "போதுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் சொல்லியும் அவன் நிறுத்தவில்லை.