கறுப்பு ஃபில்டர் போட்ட பிறகு

எனக்கு வந்த கட்டி நல்லதில்லை என்று போர்ட் பிளேர் டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் கணவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போய் ஆபரேஷன் செய்யவேண்டும், பிறகு ஏற்றும் மருந்தில் முடி கொட்டிவிடும் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும்தான் சொன்னார். எங்கள் ஊர் பாம்பூஃப்ளாட்டுக்குத் திரும்பும் ஃபெர்ரியில் இவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டிலும் அதே கதை. சாப்பிடும்போது தட்டு, பேசும்போது சுவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோய் எனக்கா இவருக்கா?

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கேட்டேவிட்டேன்.

"முடியோட என்னை ஒரு படம் எடுங்க."

போனை எடுத்தார்.

"போன்ல வேண்டாம். உங்க கேமராவுல அந்த இன்ஃப்ராரெட் ஃபிலிம் போட்டு எடுங்க. ஒரு தென்னை மரத்துக்கு அரை நாள் மெனக்கெடுவீங்கல்ல, எனக்கும் மெனக்கெடுங்க."

"அரே, ஒரு ரோல்தான் இருக்கு. அதுவும் பழசு. படம் வரும்னு கேரண்டி இல்ல."

"எனக்கு மட்டும் கேரண்டி இருக்கா?"

ஃபிரிஜ்ஜில் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்த ஃபிலிமை எடுத்தார். துளி வெளிச்சம் பட்டாலும் கெட்டுவிடும் என்று பாத்ரூம் விளக்கை அணைத்து, போர்வைக்குள் வைத்துக் கேமராவில் போட்டுக்கொண்டு வந்தார்.

கொல்லையில் பாக்கு மரங்களுக்கு முன்னால், பின்னலை முன்பக்கம் போட்டுக்கொண்டு நின்றேன். எதிரே ஸ்டாண்டில் கேமராவை மாட்டினார். இந்த ஃபிலிம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் படம் பிடிப்பது. பச்சை இலையெல்லாம் வெள்ளையாக விழும். அந்த வெளிச்சம் லென்ஸில் வேறு இடத்தில் போய்க் குவியும் என்பார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதே என்று அப்படியே அமுக்கினால் பின்னாலிருக்கும் மரம் பளிச்சென்று விழும், ஆள் மங்கிப்போவார். அதனால், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மறைக்கும் ஃபில்டரைப் போடாமல் முதலில் என் பின்னலுக்கு ஃபோகஸ் வைத்தார். லென்ஸ் காட்டிய தூரத்தைப் பக்கத்தில் இந்த ஃபிலிமுக்கென்றே போட்டிருந்த சின்னச் சிவப்புக் கோட்டுக்கு நகர்த்தினார். சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அத்தனையும் கேமராவுக்குள் பார்த்தபடிதான். கொசு வேறு பிடுங்கியது.

"ஆச்சா இல்லையா? ஆபரேஷனே முடிஞ்சிடும் போல."

"இரும்மா. கொஞ்சம் அசைஞ்சாலும் போச்சு."

கடைசியில் ஃபில்டரை மாட்டினார். அது அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. மாட்டியபின் கேமராவுக்குள் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நான் அசைகிறேனா என்று பார்க்க அவர் தலையை நிமிர்த்தி நேராக என்னைத்தான் பார்த்தாகவேண்டும். நிமிர்ந்தார், பார்த்தார். அவ்வளவுதான், மோவாய் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"என்னங்க, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தாம்மா. உன் முகத்தைப் பார்த்தா அழுதுருவேன்னுதான்..."

விக்கி விக்கி அழுதார் மனுஷன். அத்தனை நாள் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. ஆனால் நகர்ந்தால் வைத்த ஃபோகஸ் போய்விடும். அவர் அழுத அழுகையில் இனி ஒருமுறை வைக்க முடியாது. இந்த முடியும் திரும்பக் கிடைக்காது.

"அழுறதை அப்புறம் ரெண்டு பேருமா அழலாம். முதல்ல அமுக்குங்க" என்றேன்.

கண்ணைக்கூடத் துடைக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு அமுக்கினார்.