மழை வரும் என்று சொன்னவன்

பசுமலையில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் புவியியல் நடத்தியவன் நான். ஐப்பசியில் மழை பிடிக்கும், கார்த்திகையில் வலுக்கும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டே காலத்தை ஓட்டினேன். அந்தத் தெனாவட்டில்தான் அக்காவுக்கும் வாக்குக் கொடுத்தேன்.

அக்காவுக்குத் திருமங்கலம் பக்கம் மூன்று ஏக்கர் கரிசல். கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. மாமா இறந்த பிறகு அவள் ஒருத்திதான் பாடுபடுகிறாள். அங்கெல்லாம் புரட்டாசிக் கடைசியில், காய்ந்த புழுதியிலேயே சோளத்தை விதைத்துவிடுவார்கள். மழை பின்னாலேயே வந்து முளைக்க வைக்கும். சொல்லிவைத்தாற்போல் வந்துகொண்டிருந்த அந்த மழை இப்போதெல்லாம் யாருக்கும் கட்டுப்படுவதில்லை. ஒரு வருடம் கார்த்திகை வரை எட்டிப் பார்க்காது. மறு வருடம் மூன்றே நாளில் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போய்விடும். பேப்பரில் சராசரி மழை என்று போடுவார்கள், காட்டில் பயிர் நிற்காது.

போன வருடம் அக்கா போனில் கேட்டாள்.

"விதைச்சுறவாடா? நீதான படிச்சவன்."

செல்போனில் மேகப் படத்தைப் பார்த்துவிட்டு, "தாராளமாப் போடுக்கா, அடுத்த வாரம் பிடிச்சுரும்" என்றேன்.

ஒரே ஒரு மழை பெய்தது. அதை நம்பிச் சோளம் முளைத்தும்விட்டது. அதற்குப் பிறகு இருபது நாளாகப் பொட்டு மழை இல்லை. நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோது பயிரெல்லாம் சருகாகிக் கிடந்தது. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

அக்கா திட்டவில்லை. சோறு போட்டாள்.

"நீ சொன்னேன்னு அம்புட்டையும் போட்டுறலடா. பாதி விதையை எடுத்து வச்சிருக்கேன்."

என்னை முழுதாக நம்பவில்லையே என்று ரோஷம் வரவில்லை. பிழைத்தோம் என்றுதான் இருந்தது.

கை கழுவியதும் விதைச் சாக்கை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். மேற்கே லேசாக இருட்டியிருந்தது.

"இதுவும் போச்சுன்னா இந்த வருசம் நெலம் தரிசுதேன். இப்பச் சொல்லு, போட்டுறவா?"

செல்போனை எடுத்துப் பார்த்தேன். படத்தில் மேகம் இருந்தது. போன தடவையும் இருந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

பயிர் கருகியதற்கு அழாதவள் அப்போது அழுதாள்.

"நீயும் தெரியலன்னுட்டா, நான் யாருகிட்டடா போய்க் கேப்பேன்?"