டயல் மட்டும் நல்லதா இருந்தா

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த கீழ்வீட்டுச் சுவரில் மழைக்காலத்தில் ஏறிய ஈரம் தை வரை இறங்காது. என் மகனுக்கு அப்போது ஒரு வயது. மூச்சு விடும்போது அவன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். ஈரமில்லாத வீடாகப் பார்க்கும்படி டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். கலூரில் ஒரு மாடி வீடு பார்த்து வைத்திருந்தோம். முன்பணம்தான் இல்லை. இருந்தது ஒரு கைக்கடிகாரம்.

வெலிங்டன் தீவில் சரக்கு இறக்கிய என் மாமனாருக்கு ஒரு கப்பல் அதிகாரி கழற்றிக் கொடுத்தது அது. மாமனார் போனபின் பீரோவில் கிடந்தது. சாவி கொடுத்தால் ஓடும். டயல் மட்டும் சாயா சிந்திய துணிபோல் பழுத்து, ஆறு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புத் திட்டு விழுந்திருந்தது. என் கணவருக்குக் குடோன் வேலையை விட்டு வர முடியவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே பழம்பொருள் கடைக்குப் போனேன். வெள்ளைக்காரர்கள் பித்தளைப் பூட்டும் பீங்கான் தட்டும் வாங்குகிற கடை.

முதலாளி கண்ணில் லென்ஸை இடுக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"டயல் ஆகெ மோசமல்லோ சேச்சி. அழுக்கு, கறை. இதை ஆரு வாங்கும்?"

அவர் சொன்ன விலை முன்பணத்தில் பாதிக்குத்தான் வரும். நான் தயங்கியதைப் பார்த்து, "டயல் மட்டும் நல்லதா இருந்தா இரட்டி தரலாம்" என்றார்.

நோட்டில் டீச்சர் சிவப்பு மையால் சுழித்துத் தந்தால் திருத்தி எழுதிக்கொண்டு போய் நிற்கும் பெண்ணாகத்தான் நான் வளர்ந்தேன். அன்றும் அதைத்தான் செய்தேன். கடைவீதியில் வாட்ச் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். பழைய பெயின்டை எடுத்துவிட்டு, வெள்ளை அடித்து, எண்களைப் புதிதாக எழுதலாம் என்றார். குழந்தையின் பிறந்தநாள் சட்டைக்கு வைத்திருந்த காசு கூலிக்குப் போனது. கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பார் என்று பயந்தேனா, இல்லை, செய்து முடித்துக் காட்ட ஆசைப்பட்டேனா? மூன்று வருடமாகியும் எனக்கே தெளிவில்லை.

பத்து நாளில் பால்போல் வெள்ளை டயலும் கறுகறுவென்ற எண்களுமாகத் திரும்பி வந்தது. பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன்.

"அய்யோ, எந்து பணி செஞ்சீங்க சேச்சி! பெயின்ட் அடிச்சல்லோ?"

"அழுக்கு, கறைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வெல பேசறப்போ சொல்றதல்லோ! மீன்காரிகிட்ட மீன் பழசுன்னு சொல்லாம நீங்க வாங்குவீங்களோ? அதுக்காக அவ மீனுக்குப் பெயின்ட் அடிச்சுக் கொண்டு வருவாளோ?"

கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

"நல்ல டயல் இருந்தா இரட்டின்னீங்களே?"

"நல்ல டயல்னா கம்பெனியில போட்ட டயல், இத்தனை வருஷமும் கெடாம இருந்தது. இது கையால எழுதினது. ஆறுக்குக் கீழே கம்பெனிக்காரன் போட்ட பொடி எழுத்து இருந்துச்சு, இப்போ காணோம். மொகத்தை மாத்தினா, உள்ளே என்னெல்லாம் மாத்திச்சோன்னு வாங்கறவனுக்கு சம்சயம் வரும். ஓடற பழைய வாட்ச், இனி அவ்வளவுதான். அந்தக் கறையோட கொண்டு வந்திருந்தா அன்னிக்குச் சொன்னதுக்கும் மேலே தந்திருப்பேன்."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"இது வியாபாரமல்லோ சேச்சி!"

முன்பு சொன்னதில் கால்வாசி தருவதாகச் சொன்னார். அவர் கையிலிருந்து வாட்சைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். பழுதுபார்ப்பவரிடம் ஓடி, பழைய டயலைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். "அதே தகடுதாம்மா இது. பழைய பெயின்ட் கழுவின தண்ணியோட போச்சு. நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்?" என்றார். அவர்மேல் தப்பில்லை. தப்பு என்மேல் என்றும் என்னால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. கறைக்குத்தான் மதிப்பு என்று தெரிந்துகொண்டே கறையைச் சொல்லி விலையைக் குறைத்த ஆள் கெட்டிக்காரன். அவன் வார்த்தையை நம்பியவள் முட்டாள். இது என்ன நியாயம்? எங்கள் சுவரிலும் அதே பழுப்பில் எத்தனையோ கறை இருந்தது. அதற்கு விலை கூட்டித் தர ஒருவரும் வரவில்லை.

கலூர் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். நாங்கள் அடுத்த மழையையும் அந்தக் கீழ்வீட்டில்தான் கழித்தோம். என் கணவர் என்னைத் திட்டவில்லை. வாட்சைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்.

ஆடி மழை கொட்டும் கர்க்கடக மாதத்தில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளை டயலில், ஆறுக்குப் பக்கத்தில், கடுகளவு பழுப்பு.

"இன்னொரு நாப்பது வருஷம் பொறு புள்ள. அந்தாளே ஓடி வந்து வாங்கிக்குவான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தேன். பூனைக்குட்டி கத்திக்கொண்டுதான் இருந்தது.